குறி போடாத மூட்டைகள்: நொதிகள் வழிதவறும் நோய்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கி, சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். தொலைபேசி உரையாடல் நேயரின் அனுமதியுடன் இடம்பெறுகிறது. அவர் குடும்பத்தினரின் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் வேற ஒரு தலைப்பு தயார் பண்ணி வச்சிருந்தேன். அதைத் தள்ளி வச்சுட்டேன். காரணம், கன்னிவாடியிலிருந்து ஒரு தம்பி அனுப்பின குரல் பதிவு. ரெண்டே நிமிஷம்தான். அதுல அவர் கேட்ட கேள்வி, அறுபதுகள், எழுபதுகள்ல பெரிய பெரிய விஞ்ஞானிகளைத் தூங்கவிடாம பண்ணின அதே கேள்வி. அவருக்கு அது தெரியாது. அவர் கையில இருந்தது அக்கா குழந்தையோட ரத்தப் பரிசோதனை அறிக்கை, அவ்வளவுதான்.

குழந்தைக்கு ஒண்ணே கால் வயசு. பிறந்தப்பவே எடை குறைவு. விரல்கள் முழுசா விரியல. ஈறு தடிச்சிருக்கு. மூட்டுகள் இறுக்கம். எலும்பு எக்ஸ்ரேயில மாற்றம் தெரிஞ்சதும் முதல்ல கால்சியம் குறைபாடுன்னு நினைச்சு மருந்து கொடுத்திருக்காங்க. அதை ஒரு பெரிய தப்புன்னு சொல்லிட முடியாது. இந்த நோய் கைக்குழந்தையில எலும்புருக்கி மாதிரியே தோற்றம் காட்டும். அப்புறம் ரத்த வெள்ளணுவை எடுத்து சில நொதிகளைப் பாத்தாங்க. ஏறக்குறைய நார்மல். மறுபடி ஒரு டாக்டர் ரத்தத்தோட நீர்ப்பகுதியை, அதாவது பிளாஸ்மாவை அனுப்பிப் பாத்தாரு. அதுல அதே நொதிகள் பல மடங்கு அதிகம். டாக்டர் சொன்ன நோயின் பெயர் ‘ஐ-செல்’. லைசோசோம் நோய்கள்ல ஒண்ணு.

தம்பி கேட்டது இதுதான்: “அண்ணே, நொதி பத்தாமதான் இந்த நோய் வருதுன்னு சொல்றாங்க. ரிப்போர்ட்ல பாத்தா நொதி அளவுக்கு மேல இருக்கு. ரெண்டும் எப்படிண்ணே சரியா இருக்க முடியும்?”

ரெண்டும் சரிதான். எப்படின்னு சொல்றதுக்கு அவங்க ஊர்ப்பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கிறேன்.

கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பக்கம் காய்கறி போடுறவங்களுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி மூட்டை வந்து இறங்கும். கமிஷன் மண்டியில அந்த மூட்டை எந்த ஊருக்கு, யாருக்குப் போகணும்னு சாக்கு மேல மையால ஒரு குறி போடுவாங்க. ஒரு எழுத்து, ஒரு வட்டம், ஏதோ ஒண்ணு. லோடு ஏத்துறவரு மூட்டைக்குள்ள கத்திரிக்காயா வெங்காயமான்னு பிரிச்சுப் பாக்க மாட்டாரு. குறியைப் பாப்பாரு, அந்த லாரியில ஏத்துவாரு. இப்ப ஒரு நாள் குறி போடுற ஆள் வரலன்னு வச்சுக்குவோம். காய் நல்ல காய்தான். மூட்டையும் சரியான எடைதான். ஆனா எல்லாம் வாசல்ல நிக்கிற முதல் லாரியில ஏறி எங்கேயோ போயிடும். சேர வேண்டிய கடையில காய் இல்ல; ரோடு பூரா காய்.

ஐ-செல் நோய் அதுதான். செல்தான் கடை. ரத்தம்தான் ரோடு.

கொஞ்சம் பொறுமையா உள்ள போவோம். நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் லைசோசோம்னு சின்னச் சின்னப் பைகள் இருக்கு. பழசாகிப் போன புரதம், கொழுப்பு, சர்க்கரைச் சங்கிலி, செல் விழுங்கின கிருமி எல்லாத்தையும் அறுத்துத் துண்டாக்கி, திரும்பப் பயன்படுத்த அனுப்புற இடம். அதுல ஏறக்குறைய 60 வகை நொதிகள் வேலை செய்யுது. உள்ளே அமிலம், ரத்தத்தோட பிஎச் 7.4 சுமார்னா இங்க 4.5, 5 அந்த அளவு. இந்த நொதிகளுக்கு அந்தப் புளிப்பு இருந்தாதான் கை ஓடும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெல்ஜியத்துல லூவான் பல்கலைக்கழகத்துல கிறிஸ்டியன் டி டூவ்னு ஒருத்தர். அவர் தேடினது இன்சுலின் கல்லீரல்ல என்ன செய்யுதுன்னு. 1949-ல எலியோட கல்லீரலை அரைச்சு ஒரு நொதியை அளக்கிறாரு, இருக்க வேண்டியதுல பத்துல ஒரு பங்குதான் தெரியுது. மிச்சத்தை ஃபிரிட்ஜுல வச்சுட்டு சில நாள் கழிச்சு எடுத்துப் பாத்தா அளவு ஏறியிருக்கு. வேற யாரா இருந்தாலும் ‘அளந்ததுல தப்பு’ன்னு கொட்டியிருப்பாங்க. அவர் யோசிச்சாரு: நொதி ஒரு பைக்குள்ள அடைஞ்சு இருந்திருக்கு, நாள்பட பை கிழிஞ்சு வெளிய வந்திருக்கு. 1955-ல அந்தப் பைக்கு லைசோசோம்னு பேர் வச்சாரு. 1974-ல நோபல் பரிசு. இன்சுலின் கேள்வி? அது அப்படியே நின்னு போச்சு.

சரி, பை இருக்கு. நொதி அந்தப் பைக்குள்ள எப்படிப் போகுது? நொதி உருவாகுறது அங்க இல்ல. செல்லோட இன்னொரு மூலையில செஞ்சு, கோல்கின்னு ஒரு அடுக்குக்கு வருது. அதுதான் நம்ம கமிஷன் மண்டி. செல்லை விட்டு வெளிய போக வேண்டிய புரதமும் இங்கதான் வரும், உள்ள லைசோசோமுக்குப் போக வேண்டியதும் இங்கதான் வரும். பிரிக்கணும்.

அந்தக் குறி என்னன்னு தெரிய வந்த பாதையில ஒரு அம்மாவோட பேரைச் சொல்லியே ஆகணும். எலிசபெத் நியூஃபெல்ட். பாரிஸ்ல பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்த குடும்பம். 1968-ல அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துல அவங்களும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை செஞ்சாங்க. ஹர்லர், ஹன்டர்னு ரெண்டு வேற வேற லைசோசோம் நோய். ரெண்டு நோயாளிங்களோட தோல் செல்லையும் ஒரே தட்டுல கலந்து வளர்த்தாங்க. ரெண்டும் குணமாயிடுச்சு! ஒரு செல்லுக்கு இல்லாததை மத்த செல் வெளிய விட, இது எடுத்துக்கிச்சு. செல்கள் தொட்டுக்கக்கூட வேண்டாம், அந்தச் செல் வளர்ந்த திரவத்தை ஊத்தினாலே போதும். அப்படின்னா நொதி செல்லுக்கு வெளிய வந்து, இன்னொரு செல்லுக்குள்ள நுழைஞ்சு, லைசோசோமையும் தேடிப் போய்ச் சேருது. இன்னைக்கு நாம போடுற நொதி ஊசிகளுக்கெல்லாம் விதை அந்தத் தட்டுலதான்.

அந்த நேரத்துலதான் ஐ-செல் வருது. 1967-ல ஜூல்ஸ் லெராயும் ராபர்ட் டிமார்ஸும் ஒரு விசித்திரமான செல்லைப் பத்தி எழுதினாங்க. நுண்ணோக்கியில பாத்தா செல் பூரா கறுப்புக் கறுப்பா உருண்டைகள் அடைஞ்சு கிடக்கு. அந்த அடைசலுக்கான ஆங்கிலச் சொல்லோட முதல் எழுத்துதான் ‘ஐ’. சிதைக்க முடியாம தேங்கின கழிவு அது. ஒரு நொதி இல்ல, பல நொதிகள் ஒரே சமயத்துல உள்ள இல்ல. ஆனா செல் மிதக்கிற திரவத்துல எல்லாம் இருக்கு. கன்னிவாடித் தம்பி பாத்த ரிப்போர்ட்தான் இது, அம்பது வருஷத்துக்கும் முன்னாடி.

1972-ல நியூஃபெல்டும் ஹிக்மனும் ஒரு எளிமையான சோதனை செய்றாங்க. நல்ல செல் வெளியிட்ட நொதியை ஐ-செல்லுக்குக் கொடுத்தாங்க: எடுத்துக்கிச்சு. ஐ-செல் வெளியிட்ட நொதியை நல்ல செல்லுக்குக் கொடுத்தாங்க: சீண்டவே இல்ல. அப்போ கடைக்காரர் மேல தப்பு இல்ல, மூட்டை மேல குறி இல்ல. அந்தக் குறி எதுன்னு 1977-ல செயின்ட் லூயிஸ்ல வில்லியம் ஸ்லை குழு சொன்னாங்க: மேனோஸ்-6-பாஸ்பேட். மேனோஸ் ஒரு சர்க்கரை. அதோட ஆறாவது கார்பன்ல ஒரு பாஸ்பேட் ஒட்டினா, அதுதான் முத்திரை.

முத்திரை குத்துறது ரெண்டு கட்ட வேலை. ‘பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ்’னு ஒரு நொதி, லைசோசோமுக்குப் போக வேண்டிய புரதத்தை அடையாளம் கண்டு, மூடி போட்ட முத்திரையை ஒட்டும். அடுத்த நொதி அந்த மூடியை உரிச்சு விடும். இதுல எனக்கு ஆச்சரியம் முதல் ஆள்தான். அந்த 60 நொதிகளுக்கும் பொதுவா ஒரே மாதிரி எழுத்து வரிசை எதுவும் கிடையாது. புரதம் மடிஞ்சு உருண்ட பிறகு அதோட மேற்பரப்பு அமைப்பை வச்சுத்தான் கண்டுபிடிக்குது. மூட்டையைக் கையால அமுக்கிப் பாத்தே உள்ள என்னன்னு சொல்ற பழைய மண்டிக்காரர் மாதிரி.

முத்திரை விழுந்ததும், அதைப் பிடிக்கிற ஏற்பி கோல்கியோட கடைசி அடுக்குல காத்திருக்கு. பிடிச்சு, சின்னக் குமிழுக்குள்ள ஏத்தி, வழியில இருக்கிற எண்டோசோமுக்குக் கொண்டு போகும். அங்க புளிப்பு கொஞ்சம் கூடுதல். அந்தப் புளிப்பு பட்டதும் பிடி விட்டுடும். சரக்கு லைசோசோமுக்கு, ஏற்பி காலி வண்டியா கோல்கிக்குத் திரும்பி. கொரோனா சமயத்துல பேர் கேட்டோமே குளோரோகுயின், அதைச் செல்லுக்குக் கொடுத்தா இந்தப் புளிப்பு குறையும், ஏற்பி சரக்கை விடாது, காலி வண்டி திரும்பாது, புதுச் சரக்கெல்லாம் வெளிய கொட்டிடும். பிஎச்-ல சின்ன வித்தியாசம், மொத்தப் போக்குவரத்தும் குழம்பிடும்.

ஐ-செல் நோய்ல அந்த முதல் நொதி, பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ், வேலை செய்யாது. அதைச் செய்ய உத்தரவு கொடுக்கிற ஜிஎன்பிடிஏபி மரபணுவுல பிழை. பிழை லேசா இருந்து கொஞ்சம் வேலை நடந்தா, நோயும் லேசு. அதுக்கு மியூகோலிப்பிடோசிஸ் 3-னு பேர். கை மூட்டு இறுக்கத்தோட வர்ற இந்தப் பிள்ளைகளை முடக்குவாதம்னு நினைச்சு வருஷக்கணக்கா வைத்தியம் பாக்கிறதும் உண்டு. வீக்கம், சூடு, ரத்தத்துல அழற்சி அடையாளம் எதுவும் இல்லாம விரல் மடங்கி நிக்குதுன்னா சந்தேகப்படணும்.

அந்த வெள்ளணு ரிப்போர்ட் ஏன் நார்மலா வந்துச்சுன்னு கேப்பீங்க. வெள்ளணு, கல்லீரல் மாதிரி சில இடங்கள்ல குறி இல்லாமலே நொதியைக் கொண்டு சேர்க்கிற வேற பாதைகள் இருக்கு. அதனால இந்த நோய்க்கு வெள்ளணுவை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், பிளாஸ்மா பாக்கணும்.

இதையெல்லாம் சொல்லத்தான் தம்பியைக் கூப்பிட்டேன். அந்தப் பேச்சுலயிருந்து ஒரு பகுதி.

நேயர்: அண்ணே, அவ்வளவு நொதி ரத்தத்துல ஓடுனா ரத்தத்தையே அரிச்சுப்புடாதா?

நான்: நல்ல கேள்வி தம்பி. அதுகளுக்குப் புளிப்பு வேணும். ரத்தத்துல அது இல்ல. அதனால பெரும்பாலும் சும்மா மிதக்கும்.

நேயர்: டாக்டர் சொன்னாரு, கௌச்சர்னு ஒரு நோய் இருக்காம், அதுக்கு ஊசி இருக்காம். இதுக்கும் அதைப் போடலாம்ல?

நான்: (சற்று நிறுத்தி) இல்ல தம்பி. அதுக்கு ஆகுறது இதுக்கு ஆகாது.

இந்த இடத்தை நான் வெட்டாம விடச் சொன்னேன். ஏன்னா இந்த நோய்ப் பிள்ளைகளைப் பெத்தவங்க நிறையப் பேர் இங்கதான் பணத்தையும் காலத்தையும் தொலைக்கிறாங்க.

கௌச்சர், பாம்பே, ஹர்லர் இதிலெல்லாம் ஒரே ஒரு நொதிதான் கெட்டிருக்கு. முத்திரை குத்துற ஆள் நல்லா இருக்காரு. அந்த ஒரு நொதியைத் தொழிற்சாலையில செஞ்சு ஏத்தலாம். பாம்பே நோய்க்கான நொதி ஊசி 2006-ல அனுமதி வாங்குச்சு. அது தசை செல்லுக்குள்ள நுழையறது மேனோஸ்-6-பாஸ்பேட் முத்திரையாலதான், ஏன்னா அந்த ஏற்பி கொஞ்சம் செல்லோட வெளிச்சுவர்லயும் இருக்கு. முதல் மருந்துல முத்திரை போதலைன்னு, முத்திரையைக் கூட்டின அடுத்த மருந்து 2021-ல வந்துச்சு. கௌச்சர் கதை வேற. அந்த நொதி முத்திரை இல்லாம, லிம்ப்-2-ன்னு வேற ஒரு புரதத்தோட கையைப் பிடிச்சுப் போற ஆள். நோய் பாதிக்கிறது மேக்ரோபேஜ்னு சொல்ற விழுங்கு செல்களை. அதோட சுவர்ல வெறும் மேனோஸைப் பிடிக்கிற ஏற்பி உண்டு. அதனால ரோஸ்கோ பிரேடி குழுவோட ஆராய்ச்சியில, நொதியோட சர்க்கரை வாலை நறுக்கி மேனோஸ் வெளிய தெரியற மாதிரி செஞ்சாங்க. 1991-ல மருந்தாச்சு. ஆரம்பத்துல அதை எடுத்தது பிரசவத்துக்குப் பிறகு கிடைக்கிற நஞ்சுக்கொடியிலிருந்து. ஒரு நோயாளிக்கே ஆயிரக்கணக்குல தேவைப்பட்டுச்சு.

ஐ-செல்லுல அப்படி ஒரு நொதியைக் கொடுத்துத் தீராது. 60 நொதிக்கும் முத்திரை இல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று சில குழந்தைகளுக்குச் செஞ்சு பாத்திருக்காங்க, பலன் குறைவு. மூச்சு, இதய வால்வு, சாப்பாடு, வலி இதைப் பாத்துக்கிறதுதான் இன்னைக்கு உள்ள வைத்தியம். கடுமையான வகைப் பிள்ளைகள் பெரும்பாலும் பத்து வயசு தாண்டுறதில்ல. இதைத் தம்பிகிட்ட டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. அவர் என்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாத்தாரு, அவ்வளவுதான்.

அரசு உதவி பத்தியும் கேட்டாரு. 2021-ல மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை கொண்டு வந்துச்சு; அடுத்த வருஷம் ஒரு நோயாளிக்கான உதவியை 50 லட்சம் ரூபாய் வரைக்கும் உயர்த்தினாங்க. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அந்தக் கொள்கையின் கீழ் சிறப்பு மையம். இந்தக் கொள்கைக்குப் பின்னாடி நீதிமன்றப் படிக்கட்டு ஏறின குடும்பங்கள் இருக்கு. 2014-ல டெல்லி உயர்நீதிமன்றம், கௌச்சர் நோயுள்ள ஒரு ரிக்‌ஷாக்காரர் மகனுக்கு அரசே மருந்து கொடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது முக்கியமான திருப்பம். நொதி ஊசி வாழ்நாள் முழுக்க, குழந்தை எடை ஏற ஏற அளவும் ஏறும். 50 லட்சம் எத்தனை நாளைக்குன்னு அந்தப் பெற்றோர்கள் கேக்கிறாங்க, நியாயமாத்தான் கேக்கிறாங்க. ஐ-செல் குடும்பத்துக்கு அந்த மருந்துப் பணத்தால பயனில்ல. ஆனா அந்த மையத்தால உண்டு. ஏன்னு சொல்றேன்.

நேயர்: அண்ணே, அக்காவுக்கு இப்ப மறுபடி ஏழு வாரம். வீட்ல எல்லாரும் அக்காவைத்தான் சொல்றாங்க. எங்க மாமாவைத்தான், அதாவது அம்மா கூடப் பொறந்த தம்பியைத்தான் அக்காவுக்குக் கட்டுனது. அதனாலயா?

நான்: அக்கா ஒருத்தரால வராது தம்பி. முதல்ல அதை வீட்ல சொல்லுங்க. மாமாகிட்டயிருந்து ஒரு பிழையான பிரதி, அக்காகிட்டயிருந்து ஒண்ணு, ரெண்டும் சேந்தாதான் நோய்.

ஒரு பிரதி மட்டும் உள்ளவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாம ஒவ்வொருத்தரும் இப்படிச் சில பிழைகளைச் சுமந்துகிட்டுத்தான் இருக்கோம். அந்நியத்துல கட்டினா ரெண்டு பேருக்கும் அதே மரபணுவுல பிழை இருக்க வாய்ப்பு கம்மி. தாய்மாமனும் மருமகளும்னா மரபணுவுல சராசரியா நாலுல ஒரு பங்கு ஒண்ணு. தமிழ்நாட்டுல 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி கால்வாசிக்கு மேல சொந்தத்துலதான் கல்யாணம். அதுல பெரும்பாலானவங்க பிள்ளைகள் நல்லாத்தான் இருக்காங்க, அதையும் சொல்லணும். ஆனா ஏற்கனவே ஒரு குழந்தைக்கு நோய் வந்த வீட்ல கணக்கு மாறிடும். அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலுல ஒண்ணு. போன தடவை வந்துடுச்சு, இனி மூணு தடவை வராதுன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணு.

முதல் குழந்தையோட ரத்தத்துல அந்த மரபணுப் பிழை எந்த எழுத்துலன்னு கண்டுபிடிக்கணும். அது தெரிஞ்சா, 11-வது வாரத்துலயிருந்து நஞ்சுத் திசுவில துளி எடுத்து, வயித்துல உள்ள குழந்தைக்கு அது இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும். அது தெரியலன்னா சோதனை ரொம்பச் சிக்கல். மரபணு அறிக்கை வர வாரக்கணக்குல ஆகும். ஏழு வாரம்னா கையில இருக்கிற நேரம் கொஞ்சம். அதனாலதான் ‘இந்த வாரமே’ன்னு சொன்னேன். அறிக்கை வந்த பிறகு என்ன செய்யறதுன்னு முடிவெடுக்க வேண்டியது அக்காதான்.

தம்பி கடைசியா தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டாரு. அவருக்கும் அம்மாவோட இன்னொரு தம்பி மகளைப் பேசி வச்சிருக்காங்களாம். கணக்கு போட்டுப் பாத்தோம். பிழை அம்மா வழித் தாத்தா, பாட்டில ஒருத்தர்கிட்டயிருந்து வந்ததுன்னு வச்சுக்கிட்டா, அவர் சுமக்க வாய்ப்பு ரெண்டுல ஒண்ணு, அந்தப் பொண்ணு சுமக்க நாலுல ஒண்ணு. ரெண்டும் நடந்து, அப்புறம் நாலுல ஒண்ணு. மொத்தம் 32-ல ஒண்ணு. ஆனா இந்த 32-ஐ வச்சு யாரும் முடிவெடுக்க வேண்டியதே இல்ல. பிழை எதுன்னு தெரிஞ்சுட்டா, ஆளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. உண்டா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஒருத்தருக்கு இல்லன்னாலே போதும், இந்த நோயைப் பத்தி பயம் இல்ல.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு துணைத் தகவல். 2010-ல அமெரிக்காவுல டென்னிஸ் டிரைனா குழு, திக்குவாய் தலைமுறை தலைமுறையா வர்ற பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ஞ்சு, இதே முத்திரை குத்துற மூணு மரபணுக்கள்லயும் சின்னப் பிழைகளைக் கண்டாங்க. அவங்களுக்கு மூட்டு இறுக்கமோ எலும்பு நோயோ கிடையாது, பேச்சு மட்டும். லைசோசோமுக்கும் நாக்குத் திக்கலுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னும் முழுசா விளங்கல. திக்குற எல்லாருக்கும் இது காரணமும் இல்ல. இன்னொண்ணு, 2022-ல தனித்தனியா சில குழுக்கள், லைசெட்னு ஒரு சின்னப் புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. முத்திரை குத்துற ஆளை மண்டியிலேயே உக்கார வைக்கிறது அதோட வேலை. அது இல்லன்னா அந்த ஆளே வழுக்கி லைசோசோமுக்குள்ள விழுந்து செரிஞ்சு போறாரு. எலும்பு வளர்ச்சி குன்றின சில குழந்தைகள்ல காரணம் தெரியாம இருந்த பிழை இந்த மரபணுவுலதான்.

நான் டாக்டர் இல்ல, உயிர்வேதியியல் படிச்சவன். அதனால தம்பிகிட்ட ஒரு மரபணு ஆலோசகரைப் பாக்கச் சொல்லிட்டேன். நேத்து ஒரு செய்தி அனுப்பியிருந்தாரு. திங்கள்கிழமை ராத்திரி திண்டுக்கல்லிருந்து ரயில், செவ்வாய்க்கிழமை எழும்பூர். அக்காவும் மாமாவும் குழந்தையும். கூட அம்மாவும் வர்றாங்களாம்.

உங்க வீட்லயும் இதுமாதிரி கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க. ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சு அனுப்பும்போது குழந்தை பேரை மறைச்சுடுங்க. அடுத்த வாரம், தள்ளி வச்ச தலைப்போட வர்றேன்.